ஃப்ளைட் சிமுலேட்டர் 2024: ஓட்டுவதற்கு அல்ல, படம் எடுப்பதற்கு

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024-ஐ விமானம் ஓட்டும் மென்பொருளாக அலசிய விமர்சனங்கள் ஏராளம். இது அந்த வகை இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர்களுக்கு, அதிலும் சென்னை வானத்தில் எடுக்க நினைப்பவர்களுக்கு, இது எப்படிப்பட்ட கேமரா என்பதுதான் இங்கே கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். சென்னையின் வெளிச்சத்தை இது அசலாகத் தருகிறது; சென்னை ஊரைத் தருவதில்லை. மயிலாப்பூர் கோபுரத்தைச் சுற்றி ஒரு ஹெலிகாப்டர் படம் எடுக்கலாம் என்று வாங்கினால் ஏமாற்றம்தான். வங்கக்கடல் மேல் விடியும் வெளிச்சத்தில் ஒரு ஏ320 பயணிகள் விமானம் சாய்ந்து திரும்புவதை எடுக்க வேண்டுமென்றால், வீட்டுக் கணினியில் இதைவிட நல்ல கருவி இப்போதைக்கு இல்லை.

காரணம் எளிது. ஊரின் தரை பிங் மேப்ஸ் செயற்கைக்கோள் படம். அந்தப் படத்தைப் பார்த்துக் கணினியே ஊகித்து எழுப்பியவை கட்டடங்கள். மாடி எண்ணிக்கையும் கூரையின் வடிவமும் பல இடங்களில் குத்துமதிப்பாகச் சரியாக இருக்கும்; ஆனால் கோபுரம், கலங்கரை விளக்கம், ரிப்பன் மாளிகை மாதிரி தனி வடிவம் கொண்டவற்றைக் கூடுதல் சீனரி போடாமல் எதிர்பார்க்கக் கூடாது. சூரியன் விஷயம் வேறு. அது எந்த நாளில், எந்த மணிக்கு, எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பது வானியல் கணக்கு. அதில் ஊகத்துக்கே இடமில்லை.

எந்தப் பதிப்பு வாங்குவது

படம் எடுக்க மட்டும் என்றால் ஸ்டாண்டர்டு போதும். அதிலேயே 70 விமானங்கள் இருக்கின்றன. டீலக்ஸ், பிரீமியம் டீலக்ஸ், ஏவியேட்டர் என்று மேலே போகப்போக விமானங்கள், நுணுக்கமாக வடிவமைத்த விமான நிலையங்கள் இவற்றின் எண்ணிக்கைதான் கூடுகிறது. கேமராவும் மேகமும் ஒளியும் எல்லாப் பதிப்பிலும் ஒன்றே. மிச்சமாகும் பணத்தை கிராஃபிக்ஸ் கார்டில் போடுவது புத்திசாலித்தனம். மைக்ரோசாஃப்டின் பிசி கேம் பாஸ் சந்தா இருப்பவர்களுக்கு ஸ்டாண்டர்டு அதிலேயே வந்துவிடும். ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

2020 பதிப்பைப் போல இது நூறு ஜிபிக்கு மேல் டிஸ்க்கை அடைப்பதில்லை. 50 ஜிபி இடம் கேட்கிறது. மிச்சத்தையெல்லாம் பறக்கும்போதே இணையத்தில் இருந்து இழுத்துக்கொள்கிறது. இதில்தான் படம் எடுப்பவருக்கு முதல் சிக்கல். 2024 நவம்பர் 19 அன்று வெளியானபோது சர்வர்கள் திணறியது ஊரறிந்த கதை. அந்த நெரிசல் பிறகு தீர்ந்தது, ஆனால் அடிப்படை மாறவில்லை. இணையம் மெதுவானால் மென்பொருள் நிற்காது, தரைதான் மங்கும். தரை களிமண் பூசினாற்போல் இருக்கிறது, விமானத்தின் எழுத்துகள் கலங்கித் தெரிகின்றன என்றால் முதலில் பார்க்க வேண்டியது செட்டிங்ஸ் இல்லை, இணைய வேகம். பரிந்துரைக்கப்பட்ட வேகம் நொடிக்கு 50 மெகாபிட், 10 குறைந்தபட்சம். வைஃபைக்குப் பதில் லேன் கேபிள் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். ஓர் இடத்துக்குப் போனதும் படக்கென்று பட்டனை அழுத்தாமல், விமானத்தை அங்கேயே நிறுத்தி ஒன்றிரண்டு நிமிடம் விட்டால் தரை தெளிந்து வரும். அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்கள் ரோலிங் கேஷின் (இழுத்த தரவைச் சேமித்து வைக்கும் டிஸ்க் இடம்) அளவைக் கூட்டி, அதை எஸ்எஸ்டி டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம்.

ட்ரோன் கேமரா

இந்த மென்பொருளின் உண்மையான லென்ஸ் இதுதான். ஷோகேஸ் பிரிவில் இருக்கிறது. கீபோர்டில் வழக்கமாக இன்சர்ட் கீ. புதிதாக வருபவர்கள் வெளிப்புற கேமராவிலேயே சுற்றிச் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு, எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கிறதே என்பார்கள். வெளிப்புற கேமரா விமானத்தை நடுவில் வைத்துக் கட்டிப்போடுகிறது. ட்ரோன் அப்படிக் கட்டிப்போடாது.

ட்ரோனில் இரண்டு முறைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஃபாலோ மோட், ட்ரோன் விமானத்தோடு கூடவே பறக்கும். லாக் மோட், ட்ரோன் எங்கே இருந்தாலும் முகத்தை விமானத்தின் பக்கமே திருப்பி வைத்திருக்கும். ஃபாலோவை அணைத்துவிட்டு லாக்கை மட்டும் வைத்தால், ஓடுபாதை ஓரத்தில் நின்று விமானம் கடந்து போவதைப் பார்க்கும் ஆள் மாதிரி ஆகிவிடும். இரண்டையும் அணைத்தால் 140 நாட் (மணிக்கு ஏறக்குறைய 260 கிலோமீட்டர்) வேகத்தில் விமானம் ஓடிவிடும். வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். "ட்ரோன் எங்கேயோ தொலைந்துவிட்டது" என்ற புகாரில் பத்துக்கு எட்டு இந்தக் கேஸ்தான்.

அடுத்தது ட்ரோனின் வேகம். தொடக்கத்தில் இருக்கும் வேகத்தில் ஒரு தட்டுத் தட்டினால் கேமரா எங்கேயோ தாவும். நகரும் வேகம், திரும்பும் வேகம் இரண்டையும் அடிமட்டத்துக்குக் குறைத்து, அவற்றைக் கூட்டிக் குறைக்கும் கீகளைக் கைக்கு எட்டும் இடத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும். கண்ட்ரோல்ஸ் பக்கத்தில் ட்ரோன் என்று தேடினால் எல்லாம் வரிசையாக வரும். எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் இருந்தால் ட்ரோனுக்கு மட்டுமாவது அதைப் பயன்படுத்துங்கள். அனலாக் குச்சியின் நிதானம் கீபோர்டுக்கு வராது.

ஜூம்தான் படத்தைப் படமாக்குவது. ஜூமைக் குறைத்து விமானத்தின் அருகே போனால் மூக்கு ஊதி, வால் சுருங்கி, பொம்மை விமானம் போல் ஆகிவிடும். பின்னால் நூறு, இருநூறு மீட்டர் போய் ஜூமைக் கூட்டினால் உடற்பகுதியின் நீளம் சரியான விகிதத்தில் வரும். பின்னணியில் இருக்கும் பரங்கிமலையும் மேகமும் விமானத்தை ஒட்டி எழுந்து நிற்கும். நிஜ கேமராவில் டெலி லென்ஸ் செய்கிற அதே வேலை. அகல ஜூம் காக்பிட்டுக்குள்ளே எடுக்க மட்டும் சரி.

பின்னணியை மங்கவைக்கும் டெப்த் ஆஃப் ஃபீல்டு வசதியும் இருக்கிறது. தரையில் நிற்கும் விமானத்தின் சக்கரம், எஞ்சின் விளிம்பு, காக்பிட் ஸ்விட்ச் என்று நெருக்கத்தில் எடுக்கும்போது நன்றாக வேலை செய்யும். பறக்கும் முழு விமானத்துக்கு வேண்டாம். ஆண்டெனா, புரொப்பெல்லர் விளிம்புகளில் மங்கலும் தெளிவும் சரியாகப் பிரியாமல் பிசிறு அடிக்கும். 35 மீட்டர் நீள விமானத்தைத் தொலைவிலிருந்து எடுத்தால் நிஜ கேமராவில்கூடப் பின்னணி அவ்வளவு மங்காது. அதனால் பார்ப்பவருக்கு அது மினியேச்சர் பொம்மையாகவே தோன்றும்.

காற்றில் நிறுத்துவது

ஆக்டிவ் பாஸ் போட்டால் விமானம் அந்தரத்தில் நிற்கும், மற்றதெல்லாம் ஓடும். புரொப்பெல்லர் சுற்றும், அலை அடிக்கும், மேகம் நகரும், விளக்கு மின்னும். படம் எடுக்க இதைவிட வசதி கிடையாது. எரிபொருளும் தீர்ந்துகொண்டே இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். திருப்பத்தில் 30 பாகை சாய்ந்திருக்கும்போது நிறுத்தி, பத்து நிமிடம் படம் எடுத்துவிட்டு விடுவித்தால், வேகமும் டிரிம்மும் (விமானத்தின் சமநிலை அமைப்பு) குழம்பி விமானம் தடாலென விழக்கூடும். விடுவிக்கும் முன் காக்பிட்டுக்குத் திரும்பிக் கையை ஸ்டிக்கில் வைத்துக்கொள்வது நல்லது. உயரம் 2,000 அடிக்குக் கீழே என்றால் அந்த விமானத்தைக் கைகழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே லாபம்.

ஆக்டிவ் பாஸில் இன்னொரு பயன் உண்டு. பறக்கும்போது எல்லா செட்டிங்கையும் மீடியத்தில் வைத்து வசதியாக ஓட்டலாம். நிறுத்திய பிறகு மேகம், டெரெய்ன் எல்ஓடி (தரையின் விவர அளவு), நிழல், டெக்ஸ்சர் எல்லாவற்றையும் அல்ட்ராவுக்கு ஏற்றலாம். நொடிக்கு எட்டு ஃபிரேம் வந்தாலும் நிற்கிற படத்துக்குப் போதும். நடுத்தரக் கணினியில் எடுத்த படமும் விலை உயர்ந்த கணினியில் எடுத்த படமும் வித்தியாசம் தெரியாமல் போவது இப்படித்தான். மீடியத்தில் ஓட்டி மீடியத்திலேயே எடுப்பவர்கள் இதைத் தவற விடுகிறார்கள்.

சென்னை வெளிச்சம்

பொறுமையாகப் பேச வேண்டிய பகுதி இது. சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டியும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது எடுத்தால் இறக்கையின் மேல்பக்கம் வெளுத்து, வயிறு கருத்து, நிழல் விமானத்தின் காலடியிலேயே கிடக்கும். சிமுலேட்டர் இதை அப்படியே காட்டுவதால், இயல்பாகத் தொடங்கும் நண்பகல் நேரத்திலேயே படம் எடுப்பவர்களுக்குச் சென்னை அழகே இல்லாத ஊராகத் தெரிகிறது.

இந்த அட்சத்தில் சூரியன் மணிக்குப் 14 பாகை அளவில் விறுவிறுவென ஏறிவிடும். அடிவானத்திலிருந்து 6 பாகை வரை இருக்கும் பொன்வெளிச்சம் ஐரோப்பாவில் போல ஒரு மணி நேரமெல்லாம் நிற்காது. 25 நிமிடம், அவ்வளவே. நேர ஸ்லைடரை மணிக்கணக்கில் இழுக்காமல், ஐந்து ஐந்து நிமிடமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். சிமுலேட்டரில் ஸூலு நேரம் (உலகப் பொது நேரம், யுடிசி) காட்டினால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்: ஸூலு 00.30 என்றால் நமக்குக் காலை 6 மணி. ஜனவரியில் சூரியன் 6.30-ஐத் தாண்டி உதிக்கும், ஜூனில் 5.45-க்கு முன்பே.

மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை 07/25; ஒவ்வொரு முனையிலிருந்தும் ஓடும் திசையின் பாகையே அதன் எண். ஏறக்குறைய 70 பாகையிலும் 250 பாகையிலும் நீள்கிறது. சூரியன் உதிக்கும் திசை ஆண்டு முழுக்க வடகிழக்கே 66-க்கும் தென்கிழக்கே 114-க்கும் நடுவே ஆடுகிறது. ஆகவே மே 20-ஐ ஒட்டியும் ஜூலை 24-ஐ ஒட்டியும் சூரியன் கிட்டத்தட்ட ஓடுபாதையின் நேர்கோட்டிலேயே உதிக்கிறது. அது தென்மேற்குப் பருவமும் அதற்குச் சற்று முந்தைய நாட்களும். மேற்கிலிருந்து காற்று அடிக்கும் காலம். காற்றை எதிர்த்தே இறங்க வேண்டும் என்பதால் விமானங்கள் பெரும்பாலும் கடல் பக்கமிருந்து வந்து 25-இல் இறங்கும். அதாவது இறங்கும் விமானத்தின் முதுகுக்குப் பின்னால் சூரியன். நவம்பர் 20-ஐ ஒட்டியும் ஜனவரி 22-ஐ ஒட்டியும் இதற்கு நேர் எதிர்: சூரியன் 250 பாகைக் கோட்டில் மறைகிறது. வடகிழக்குப் பருவத்தின் கிழக்குக் காற்றில் விமானங்கள் 07-இல் கடலை நோக்கி எழும்பும். மூக்கு மேலே தூக்கும் விமானத்தின் வாலுக்குப் பின்னால் செந்தட்டு. நவம்பரில் மாலை 5.40-ஐ ஒட்டி, ஜனவரியில் 6 மணியை ஒட்டி.

காலைப் படத்துக்குக் கணக்கு இன்னும் துல்லியமாகப் போடலாம். இறங்கும் விமானம் 3 பாகைச் சரிவில் வருகிறது. 25-இன் முனையில் நின்று பார்ப்பவருக்கு அது அடிவானத்துக்கு 3 பாகை மேலே தெரியும். சூரியனும் 3 பாகை மேலே இருக்க வேண்டுமென்றால் உதயத்துக்குப் பிறகு 12 முதல் 15 நிமிடம். ஏ320நியோவின் இறக்கை அகலம் 35.8 மீட்டர், சூரியத் தட்டின் தோற்ற அகலம் அரை பாகை. 4 கிலோமீட்டர் தொலைவில் இரண்டும் சமம். அங்கே விமானத்தின் உயரம் ஏறக்குறைய 700 அடி. ட்ரோனை ஓடுபாதை முனையில் நிறுத்தி, ஃபாலோவை அணைத்து, ஜூமை முழுக்க ஏற்றி, 700 அடி வந்ததும் ஆக்டிவ் பாஸ். பிறகு ட்ரோனைப் பத்துப் பத்து மீட்டராக இடம் வலமாக நகர்த்தினால் சூரியனும் விமானமும் ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்காரும். சூரியனைச் சுற்றி ஒளி பொங்கி விமானத்தை விழுங்கிவிட்டால் வெதர் பேனலில் ஏரோசால் (காற்றில் மிதக்கும் நுண்துகள்) அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். கடலோரப் புழுக்கத்தின் மூட்டம் வந்து சூரியன் தணியும். ட்ரோனின் ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துக் கையால் குறைப்பதும் தேவைப்படும்.

ஒரு நுணுக்கம்: அந்த உயரத்தில் வரும் விமானத்தின் சக்கரம் இறங்கியிருக்க வேண்டும், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) முழுக்க விரிந்திருக்க வேண்டும், லேண்டிங் லைட் எரிய வேண்டும். சக்கரம் மடங்கிய விமானம் கிண்டிக்கு மேல் இறங்குவது போல் படம் போட்டால், வெளிச்சம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

கடல் பக்கமிருந்து ஊரைப் பார்

25-க்கு வரும் பாதை அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிக் கடற்கரையைக் கடக்கிறது. ஓடுபாதைக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் இருக்கும். சரிவுக் கணக்குப்படி உயரம் ஏறக்குறைய 1,700 அடி. சிமுலேட்டர் சென்னையில் இதுவே சிறந்த இடம். கீழே முகத்துவாரத்தின் வளைவு, ஒரு பக்கம் மெரினாவின் நீண்ட மணல்பட்டை, முன்னால் பிரம்மஞான சபையின் தோப்பு, ஐஐடி, கிண்டி தேசியப் பூங்கா என்று பச்சை. கட்டடத்தை ஊகிப்பதில் சறுக்கும் இந்த மென்பொருள் மரத்தை நட்டால் நம்பும்படி நடுகிறது. ஆகவே பச்சை அதிகம் உள்ள சட்டகம் எப்போதும் தப்பிக்கும். வடசென்னையில் அதே உயரத்தில் எடுத்தால் துறைமுகத்தின் கிரேன்களும் கண்டெய்னர்களும் சரியாக வராமல் படம் சப்பென்று ஆகும்.

உயரம் முக்கியம். 800 அடிக்குக் கீழே போனால் கட்டடங்களின் போலி சட்டென்று தெரியும்: எல்லா ஜன்னலும் ஒரே அச்சு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கிடையாது, பானர் கிடையாது, துணி காய்வதில்லை. சென்னை என்றே சொல்ல முடியாது. 1,500 முதல் 4,000 அடி வரை ஊர் ஊராகத் தெரிகிறது. அதற்கு மேலே போகப்போகச் செயற்கைக்கோள் படங்களின் ஒட்டு தெரியத் தொடங்கும். ஒரு கட்டம் பச்சை, பக்கத்துக் கட்டம் பழுப்பு. அங்கே மேகத்தைக் கீழே விரித்து மறைப்பதே வழி.

காலையா மாலையா என்றால் ஊர் தெரியும் படங்களுக்குக் காலைதான். இதற்கு அழகைத் தாண்டி ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் காலை 10.30-ஐ ஒட்டி ஓர் இடத்தைக் கடக்கும்படி பாதை அமைக்கப்பட்டவை. அந்தப் படத்தில் நிழல்கள் மேற்குப் பக்கமாகவே பதிந்திருக்கும். மாலை வெளிச்சத்தில் சிமுலேட்டர் போடும் நிழல் கிழக்கே விழும்போது, தரையில் பதிந்த பழைய நிழல் மேற்கே கிடக்கும். ஒரு மரத்துக்கு இரண்டு நிழல். என்ன தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவரின் கண் உறுத்தும். காலையில் இரண்டும் ஒரே பக்கம். மாலையில் எடுக்க ஆசைப்பட்டால் கடலையோ ஏரியையோ பின்னணியாக வையுங்கள். விமான நிலையத்துக்கு மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி அதற்கென்றே அமைந்தது. மேற்கைப் பார்த்து எடுத்தால் நீர் முழுக்கத் தகதகக்கும். மே மாதத்தில் நிஜ ஏரி எப்படிக் கிடந்தாலும் சிமுலேட்டர் ஏரி ததும்பியே இருக்கும். நம் ஊரில் தண்ணீர்ப் பஞ்சமே இல்லாத ஒரே இடம்.

மேகத்துக்கு லைவ் வெதரை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. கையால் அமைக்கும் வானிலையில், வடகிழக்குப் பருவக் காலைக்கு இப்படித் தொடங்கலாம்: கீழ்மேகம் 2,000 அடியில் தொடங்கி 6,000 வரை, பரப்பு 35 முதல் 40 சதவீதம், நடுவில் ஒன்றும் வேண்டாம், உயரத்தில் 26,000 அடியில் மெல்லிய படலம் 20 சதவீதம். மேல் படலம்தான் உதயத்தின் நிறத்தை வாங்கிக் கீழே அனுப்புகிறது. அதை விட்டுவிட்டால் வானம் மொட்டையாக இருக்கும். காற்று 060 திசையில் 8 நாட். அலையில் வெள்ளை நுரை வேண்டுமென்றால் 18, 20-க்கு ஏற்றலாம். முன்னமைப்புகளில் புயல், ஓவர்காஸ்ட் இரண்டையும் அப்படியே போடுவது வீண். சாம்பல் கூரை ஒன்றைக் கவிழ்த்தாற்போல் ஆகும். பரப்பை 70 சதவீதத்துக்குக் குறைத்து, கிழக்கே ஓர் இடைவெளி தெரியும் வரை திரும்பத் திரும்ப மாற்றினால் ஒரு கீற்று வெளிச்சம் விமானத்தின் மேல் விழும். பொறுமை இருப்பவர்களுக்குத்தான் இது வரும்.

கூர்மை, பிக்செல், சேமிப்பு

கேமராவை நகர்த்தி நிறுத்திய அதே நொடியில் எடுக்கக் கூடாது. மேகமும் விளிம்புகளும் பல ஃபிரேம்களைச் சேர்த்துத்தான் தெளிகின்றன. மூன்று நொடி கேமராவை அசைக்காமல் விட்டால் மேகத்தில் இருக்கும் மணல் மணலான பிசிறு மறையும். டிஎல்எஸ்எஸ் (சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கும் என்விடியா முறை) போட்டு ஓட்டுபவர்கள் படம் எடுக்கும்போது, முழு அளவிலேயே வரைந்து விளிம்பை மட்டும் மழுப்பும் டிஏஏ-வுக்கோ டிஎல்ஏஏ-வுக்கோ மாறுவது நல்லது. டிஎல்எஸ்எஸ் ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டும், ஆனால் சுற்றும் புரொப்பெல்லருக்கும் காக்பிட் திரை எழுத்துக்கும் பின்னால் பேய் போல ஒரு தடம் விடும்.

ரெண்டர் ஸ்கேலிங்கைக் கூட்டினால் சேமிக்கும் படமும் பெரிதாகும் என்று ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. 1080 திரையில் அதை 200-க்கு ஏற்றினால் உள்ளே 4கே அளவில் வரையும், விளிம்புகள் வழுவழுப்பாகும், உண்மை. ஆனால் சேமிக்கும் படம் 1920க்கு 1080 தான். படமே பெரிதாக வேண்டுமென்றால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் டிஎஸ்ஆர் (திரையைவிடப் பெரிய தெளிவுத்திறனைத் தரும் வசதி) 4 மடங்கை இயக்கி, சிமுலேட்டருக்குள் 3840க்கு 2160 தெளிவுத்திறனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் இன்னொரு வகையான டிஎல்டிஎஸ்ஆர் 2.25 மடங்கு என்றால் 2880க்கு 1620. டிஎஸ்ஆர் 4 மடங்குக்கு மேல் ரெண்டர் ஸ்கேலிங்கும் 200 வைத்தால் 3.3 கோடி பிக்செல். 8 ஜிபி கார்டு மூச்சுத் திணறி, டெக்ஸ்சரைக் குறைத்து, கடைசியில் முன்பைவிட மோசமான படத்தையே கொடுக்கும். 8 ஜிபிக்கு டிஎஸ்ஆர் 4 மடங்கு, ஸ்கேலிங் 100 என்பதே சரியான இடம்.

மென்பொருள் இயல்பாகவே படத்தைக் கூர்மையாக்குகிறது. திரையில் நன்றாகத் தெரியும். பிறகு நாமும் எடிட்டிங்கில் கூர்மையாக்கும்போது இறக்கை ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். யூசர்சிஎஃப்ஜி.ஆப்ட் (UserCfg.opt) என்ற அமைப்புக் கோப்பில் போஸ்ட்பிராசஸ் பகுதியில் ஷார்ப்பன், ஃபிலிம்கிரெயின், விக்னெட் மூன்றையும் 1-இலிருந்து 0 ஆக்கிவிடுவது வழக்கம். கோப்பின் நகல் ஒன்றை முதலில் எடுத்து வையுங்கள். அப்டேட் வந்ததும் சில நேரம் பழைய மதிப்புகள் திரும்பிவிடும். படம் திடீரென்று கரடுமுரடாகத் தெரிந்தால் இந்தக் கோப்பைத்தான் பார்க்க வேண்டும். அதோடு மற்ற விமானங்களின் பெயர்ப்பலகை, ஊர்ப்பெயர்க் குறிகள் எல்லாவற்றையும் அசிஸ்டன்ஸ் பக்கத்தில் அணைத்துவிட வேண்டும். அருமையான விடியல் படத்தின் ஓரத்தில் யாரோ ஒருவரின் கேமர் பெயர் மிதப்பதைவிடக் கொடுமை வேறில்லை.

ஸ்டீம் கடையில் வாங்கியவர்கள் எஃப்12 அழுத்தினால் ஜேபெக்காகச் சுருக்கிச் சேமிக்கும். விடியல் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிய அதுவே காரணம். ஸ்டீம் செட்டிங்ஸில் சுருக்காத நகலையும் சேமிக்கும் தேர்வை இயக்க வேண்டும். விண்டோஸ் கீ, ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வீடியோஸ் ஃபோல்டருக்குள் கேப்சர்ஸில் பிஎன்ஜி-யாக விழும். எச்டிஆர் திரை வைத்திருப்பவர்கள் படம் எடுக்கும் நேரத்துக்கு அதை அணைப்பது நல்லது. இல்லையென்றால் பிஎன்ஜி வெளிறிப்போகும், கூடவே விழும் ஜேஎக்ஸ்ஆர் கோப்பைப் பாதி மென்பொருள்கள் திறக்காது.

2024-இல் புதிதாக என்ன

தரையில் இறங்கி நடக்கலாம். படம் எடுப்பவருக்கு 2024-இன் பெரிய லாபம் இதுதான். கண் மட்டத்திலிருந்து, எஞ்சினுக்கு எதிரே நின்று அண்ணாந்து பார்க்கும் கோணம் இயல்பாகக் கிடைக்கிறது. புல்லும் கல்லும் இப்போது கனம் உள்ளவையாக நிற்பதால், சக்கரத்தின் பக்கத்தில் தாழ்ந்து எடுக்கும் படங்கள் 2020-ஐவிடப் பல படி மேல். உலகப் புகைப்படக்காரர் என்று ஒரு தனி விளையாட்டும் சேர்த்திருக்கிறார்கள்: குறிப்பிட்ட இடத்துக்குப் போய்க் குறிப்பிட்டதைப் படம் எடுக்க வேண்டும். கேமராவைப் பழக ஒரு வாரம் உதவும். அதற்குமேல் அதில் சரக்கு இல்லை. சட்டகத்தை நாமே தேடும் வேலையை அது பறித்துக்கொள்கிறது.

2020 ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். 2,000 அடிக்கு மேலே எடுக்கும் படங்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பழைய லிவரிகளும் (விமானத்தின் வண்ணப்பூச்சு) சீனரிகளும் அதில்தான் சிக்கலில்லாமல் ஓடும். 2022-இல் வந்த 40-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து டிசி-3 விமானமும் அதில் இருக்கிறது. இந்தியன் ஏர்லைன்ஸின் 1950-கள் மீனம்பாக்கத்தைக் கற்பனை செய்ய அது போதும். டெர்மினல் பக்கம் கேமராவைத் திருப்பாமல் பரங்கிமலையைப் பின்னணியாக வைத்தால் காலம் குலையாது.

போட்டி சிமுலேட்டரான எக்ஸ்-பிளேன் 12-க்கு ஒரு பெரிய பலம் உண்டு, ரீப்ளே. இறங்கி முடித்த பிறகு பின்னோக்கி ஓட்டி, சக்கரம் புகை கிளப்பும் அந்த நொடியில் நிறுத்தி எடுக்கலாம். மைக்ரோசாஃப்டில் அதே வேலைக்கு ஸ்கை டாலி என்ற இலவச ஆட்-ஆன் போடலாம். ஆனால் எக்ஸ்-பிளேனில் சென்னைத் தரை செயற்கைக்கோள் படமில்லை. ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற கருவியை வைத்து நாமே தயாரிக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு அது காக்பிட் படங்களுக்கான கருவி மட்டுமே. காசே செலவழிக்காமல் பழக நினைப்பவர்களுக்கு ஃப்ளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டர் இருக்கிறது, எஃப்3 அழுத்தினால் படம். வெளிச்சத்தில் போட்டிக்கு வராது. சட்டகம் பழகப் போதும்.

கணினி, அறை

பரிந்துரைக்கப்பட்ட அளவு 32 ஜிபி ராம். ரிச்சி தெருவில் இதற்காக மெஷின் கட்டுபவர்கள் வேகமான பிராசசருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை விராம் (கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம்) அதிகம் உள்ள கார்டுக்குத் திருப்புவது படம் எடுப்பவருக்கு நல்லது; 12 அல்லது 16 ஜிபி இருந்தால் மேலே சொன்ன 4கே தந்திரமெல்லாம் பதறாமல் நடக்கும். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் அல்ட்ரா போட்டுப் பத்து நிமிடம் ஆக்டிவ் பாஸில் நிறுத்தினால் கார்டு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஃபிரேம் எண்ணிக்கை 30-ஐத் தாண்டும் கார்டில் 30 என்று கட்டு போட்டுவிட்டால் சூடு குறையும், படத்துக்கு ஒரு குறையும் இல்லை. கரண்ட் போனால் அமைத்த வானிலையும் ட்ரோன் இடமும் போச்சு. பிடித்த வானிலையை உடனுக்குடன் பெயரிட்டுச் சேமித்து வையுங்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்பாமல் கணினிக்கென்று ஒரு யுபிஎஸ் வைத்தால் இன்னும் நல்லது.

கடைசியில் எடிட்டிங், அச்சு

டார்க்டேபிள், கிம்ப் இரண்டும் இலவசம், போதும். செய்ய வேண்டியது கொஞ்சமே: அடிவானத்தை நேராக்குவது, கருமையைச் சற்று இறக்குவது, கடலின் பச்சையைக் கொஞ்சம் மங்க விடுவது. சிமுலேட்டரின் கடல் வங்கக்கடலைவிட அழகாக இருந்தால் ஏதோ தவறு என்று அர்த்தம். விடியல் வானத்தில் நிறப்பட்டை தெரிந்தால் மெல்லிய கிரெயின் (நுண்ணிய மணல் போன்ற புள்ளிகள்) போடுங்கள், மறைந்துவிடும். எடிட் செய்த படம் என்றால் அதைச் சொல்லிவிடுவது இந்தப் பொழுதுபோக்கில் மரியாதை. எடிட் செய்யாதவற்றுக்கென்று தனி வட்டம் இருக்கிறது, அங்கே கோட்டைத் தாண்டினால் கண்டுபிடித்துவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் இவ்வளவு பாடும் சுருங்கிப்போகும்.

அச்சிட்டுச் சுவரில் மாட்ட நினைத்தால் அளவுக்கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 3840க்கு 2160 படம் அங்குலத்துக்கு 300 புள்ளியில் 12.8க்கு 7.2 அங்குலம்தான் வரும். 200 புள்ளியில் 19.2க்கு 10.8 அங்குலம், இரண்டடி தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப்படத்துக்கு அது தாராளம். கடைக்காரர் பளபளப்பான தாளைத்தான் முதலில் நீட்டுவார். மேட் கேளுங்கள். விடியல் படங்களில் பாதிக்கு மேல் கரும்பகுதி. பளபளப்புத் தாளில் டியூப்லைட் அதில்தான் விழுந்து கண்ணடிக்கும். ஓரம் வெட்டுப்படும் என்பதால் விமானத்தின் வாலைச் சட்டக விளிம்பிலிருந்து அரை அங்குலமாவது உள்ளே வைத்து, முதலில் ஏ4-இல் ஒரு மாதிரி போட்டுப் பாருங்கள். திரையில் நீலமாக இருந்த கடல் தாளில் ஊதாவாக வந்தால் கோப்பு எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற அமைப்பில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு பெரிய அளவுக்குக் காசு கொடுங்கள்.